டேப் காட்டுவது போன நிமிடத்து வானம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பில், சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் இப்போது விலை குறைந்த டேப்பிலேயே, அதாவது தொடுதிரை டேப்லெட் கம்ப்யூட்டரிலேயே, பக்கத்தில் பறக்கும் விமானங்களையும் மழை மேகத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. முக்கால்வாசி சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். மீதிக் கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம்: டேப்பையும் பெரிய விமானத்தின் மோதல் தடுப்புக் கருவியையும் ஒன்றாக எழுதியதும், மழைப் படம் நம்மூரிலும் வரும் என்று நினைக்க வைத்ததும்.

அதுவும் நானாக எழுத உட்கார்ந்ததில்லை. திங்கட்கிழமை காலையில் அன்னூர்ப் பக்கத்திலிருந்து எனக்கு வேண்டப்பட்டவர் ஒருவர், தோட்டத்தை அடமானம் வைத்துப் பையனை விமானி பயிற்சிக்கு அனுப்பியிருப்பவர், உங்கள் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, இந்த டேப் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டா பையன் பத்திரமா இருப்பானுங்களா?" என்று கேட்டார். லேத்தை நிறுத்திவிட்டு டீ வரவழைத்து முக்கால் மணி நேரம் பேசினேன். அவர் ஒருவருக்குச் சொன்னதை எழுதிவிட்டால் அவரைப் போல இன்னும் நாலு பேருக்கு ஆகுமே என்று தோன்றியது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கணபதியில் முப்பத்து நான்கு வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் ஷாஃப்ட், மில்லுக்கு வேண்டிய உருளை, இப்படி வருகிற வேலை எல்லாம் செய்வோம். எங்கள் பட்டறையில் டேப் என்றால் அளக்கிற டேப், இல்லாவிட்டால் மரை போடுகிற டேப். இந்த மூன்றாவது டேப் என் மகள் மூலமாக வந்தது. அவள் அமெரிக்காவில் டல்லாஸில் வேலை பார்க்கிறாள். அங்கே சொந்த ஆசைக்கு விமானம் ஓட்டும் உரிமம் வாங்கியிருக்கிறாள். சனி ஞாயிறில் நாம் வாடகைக் கார் எடுப்பது போல அவர்கள் செஸ்னா 172 எடுத்துக்கொண்டு போகிறார்கள். நாலு பேர் உட்காரலாம், ஒரே இன்ஜின், இறக்கை தலைக்கு மேலே. எனக்கு உரிமம் எதுவும் கிடையாது. வலது பக்கத்து சீட்டில் மூன்று முறை உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

முதல் முறை டல்லாஸுக்குப் போவதற்கு முன்பே, "அப்பா, விமானத்துல வெக்கிற ரிசீவர் ஒண்ணு கடையில வாங்குனா விலை அதிகமுங்க. அதையே கையில செஞ்சுக்கலாமாம், நீங்க செய்வீங்களா?" என்று மகள் கேட்டாள். லேத்காரனிடம் செய்வீங்களா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும். ஸ்ட்ராடக்ஸ் என்று ஒரு திட்டம், மென்பொருள் இலவசம், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ராஸ்பெர்ரி பை என்று சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் பலகை. கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்காக ஒரு காலத்தில் வந்த யு.எஸ்.பி. குச்சி இரண்டு, அதையே ரேடியோவாக மாற்றிக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஒரு ஆன்டெனா, ஒரு ஜி.பி.எஸ்., ஒரு பவர் பேங்க். பெட்டியை மட்டும் நான் ஆசையாக அலுமினியத்தில் மில்லிங் போட்டு, மூலையெல்லாம் மழுக்கி, பளபளவென்று செய்தேன். மூடியதும் வைஃபை வெளியே வரவில்லை, ஜி.பி.எஸ். உள்ளே போகவில்லை. இரும்பு பீரோவுக்குள் செல்போனை வைத்துப் பூட்டிய கதைதான். மகள் வீடியோ காலில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் அக்ரிலிக் தகட்டில் வேறொரு பெட்டி செய்து, சூட்டுக்கு ஒரு சின்ன ஃபேனும் வைத்தேன். அதுதான் டல்லாஸ் போய் வந்தது.

அது என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய விமானங்கள் பல தாங்கள் இருக்கும் இடம், உயரம், வேகம் ஆகியவற்றைத் தாங்களாகவே ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகின்றன. இதற்கு ஏ.டி.எஸ்.-பி. என்று பெயர். பெரிய விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் பேசும். அமெரிக்காவில் மட்டும் 18,000 அடிக்குக் கீழே பறக்கும் சின்ன விமானங்கள் 978 மெகாஹெர்ட்ஸிலும் பேசலாம். அதனால்தான் இரண்டு குச்சி. அந்தப் பேச்சைப் பெட்டி கேட்டு வைஃபையில் டேப்புக்கு அனுப்பும். டேப்பில் இருக்கும் செயலி அதை வரைபடத்தின் மேல் அம்பாகக் காட்டும். மகள் ஐபேடில் ஃபோர்ஃபிளைட் வைத்திருந்தாள், அதற்கு வருடச் சந்தா உண்டு. நான் கோவையில் வாங்கிக்கொண்டு போன சாதாரண ஆண்ட்ராய்டு டேப்பில் அவேர் போட்டுக்கொண்டேன், அது இலவசம். இரண்டிலும் அதே அம்புகள்தான் தெரிந்தன.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1996 நவம்பர் 12-ஆம் தேதி டில்லிக்குப் பக்கத்தில் சர்க்கி தாத்ரியில் சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் வானத்தில் மோதி 349 பேர் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் நம் நாட்டில் மோதல் தடுப்புக் கருவி கட்டாயம் ஆனது. பெரிய விமானத்தில் இருக்கும் அந்தக் கருவி தானே எதிரே வரும் விமானத்தைக் கேள்வி கேட்கும், அதன் டிரான்ஸ்பாண்டரிடம் (கேட்டால் பதில் சொல்லும் ரேடியோ) பதில் வாங்கும், ஆபத்து என்றால் ஏறு, இறங்கு என்று விமானிக்குச் சொல்லும். என் பெட்டி யாரையும் எதுவும் கேட்காது. யாராவது பேசினால் காதில் வாங்கிக்கொள்ளும். பேசாதவன் அதற்கு இல்லாதவன். உங்கள் கட்டுரையில் இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டார்கள்.

முதல் தடவை பறந்தபோது தரையில் நிற்கும்வரை டேப்பில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. விமானங்களின் இருப்பிடத்தைச் சேர்த்து ஒலிபரப்பும் தரை நிலையத்தின் அலை நேர்கோட்டில் வர வேண்டும், கட்டடமும் மரமும் மறைக்கும். ஆயிரம் அடி ஏறியதும் பொலபொலவென்று அம்புகள் வந்தன. மகள், "அப்பா, டிராஃபிக் பாக்குறது உங்க வேலைங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்பு, பக்கத்தில் மைனஸ் 03, மேல்நோக்கி ஒரு சின்னக் குறி. எங்களைவிட 300 அடி கீழே, ஏறிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். தூரம் இரண்டு கடல் மைல். வெளியே பார்க்கிறேன், பார்க்கிறேன், ஒன்றும் இல்லை.

ஊருக்கு வந்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். செஸ்னாவின் இறக்கை முனைக்கு முனை 11 மீட்டர். இரண்டு கடல் மைல் என்றால் 3.7 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் அது கையை நீட்டிப் பிடித்த ஒரு கடுகு அளவுதான். அதுவும் பின்னால் வீடும் ரோடும் வயலும் இருக்கும்போது அந்தக் கடுகைத் தேட வேண்டும். இரண்டு பேரும் ஆளுக்கு 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் நேருக்கு நேர் வந்தால் அந்த இரண்டு மைலும் 36 விநாடியில் தீர்ந்துவிடும். சரி, இதில்தான் டேப்பின் பெரிய உபகாரம். வானம் முழுக்கத் தேட வேண்டாம், இந்தப் பக்கம், இவ்வளவு கீழே என்று சொல்லிவிடுகிறது. அப்படித் தேடியதால்தான் கடைசியில் வெள்ளையாக அது எனக்குத் தெரிந்தது. டேப் இல்லாவிட்டால் பார்த்தே இருக்க மாட்டேன். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே பயணத்தில், கால் மணி நேரம் கழித்து, கீழே ஒரு வயலின் மேல் ஏதோ நிழல் ஓடியது. நிழல்தான் முதலில் தெரிந்தது. அதற்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு விமானம், பயிருக்கு மருந்து அடிக்கிற விமானம், வயலின் ஓரத்தில் வெடுக்கென்று தூக்கித் திரும்பியது. டேப்பைப் பார்க்கிறேன், அந்த இடத்தில் அம்பே இல்லை. "கண்ணு, இது இதுல வரலையே?" என்றேன். "அது பேசாதுங்கப்பா. அதுக்குத்தான் உங்கள வெளிய பாக்கச் சொன்னேன்." 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பெரிய விமான நிலையங்களைச் சுற்றியும் 10,000 அடிக்கு மேலேயும் ஏ.டி.எஸ்.-பி. அனுப்புவது கட்டாயம். ஆனால் அந்த எல்லைக்கு வெளியே கட்டாயம் இல்லை. மின்சார அமைப்பே இல்லாத பழைய விமானம், கிளைடர், பலூன், இவற்றுக்கெல்லாம் விலக்கும் உண்டு. வயலுக்கு மேல் மருந்து அடிக்கிறவன் எதற்குச் செலவு செய்யப் போகிறான்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. டேப்பைப் பார்ப்பது இரண்டு மூன்று விநாடி. அப்புறம் வெளியே. மறுபடி இரண்டு விநாடி. கார் ஓட்டும்போது கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி. காரில் போகும்போது செல்போனையே பார்த்துக்கொண்டிருப்பவனை நாம் என்ன சொல்லித் திட்டுவோமோ, அதை மகள் என்னைச் சொன்னாள். இங்கே எழுத வேண்டாம்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது, பெட்டி விற்கிறவர்கள் பெரிய எழுத்தில் போடுவதில்லை. அமெரிக்கத் தரை நிலையங்கள், ராடாரில் மட்டும் தெரியும் விமானங்களையும் சேர்த்து ஒரு படமாக அனுப்பும். ஆனால் அதை எல்லோருக்கும் அனுப்பாது. நீங்கள் ஏ.டி.எஸ்.-பி. அனுப்பிக்கொண்டிருந்தால்தான் உங்களைச் சுற்றி 15 கடல் மைல், மேலும் கீழும் 3,500 அடி என்று ஒரு வட்டம் போட்டு அதற்குள் இருப்பவர்களை உங்களுக்குச் சொல்லும். நீங்கள் எதுவும் அனுப்பாமல் பெட்டியை மட்டும் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால், பக்கத்து இலைக்கு ஊற்றிய பாயசம் உங்கள் இலைக்கு எவ்வளவு வழிந்து வருகிறதோ அவ்வளவுதான். படம் முழுசாக இருப்பது போலவே தெரியும், பாதிதான் இருக்கும். மகள் எடுக்கும் வாடகை விமானம் அனுப்பக்கூடியது. அதனால் எங்களுக்குப் படம் நன்றாக வந்தது.

இப்போது மழை விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையில் எனக்கு மனசு உறுத்தியது இந்த இடம்தான்.

அமெரிக்காவில் அந்த 978 மெகாஹெர்ட்ஸிலேயே தரை நிலையங்கள் வானிலையையும் இலவசமாக ஒலிபரப்புகின்றன. ராடார் படம், விமான நிலையங்களின் வானிலை அறிக்கை, மேலே காற்று எப்படி இருக்கிறது, எந்த வான்பகுதி மூடியிருக்கிறது, எல்லாம் வரும். சந்தா கிடையாது, சிம் வேண்டாம். பார்க்கிறவனுக்கு மந்திரம் மாதிரி இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மழை டேப்பில் பூத்து நிற்கும்.

மே மாதம் இரண்டாம் தடவை போனபோது, மேற்கே இரண்டு சிவப்புத் திட்டு. நடுவில் நல்ல அகலமாக ஒரு சந்து. அந்தச் சந்துக்கு அந்தப் பக்கம்தான் நாங்கள் போக வேண்டிய ஊர். படத்தின் ஓரத்தில் ஆறு நிமிடம் என்று போட்டிருந்தது. எனக்கு உடனே வந்த யோசனை, "இதுல புகுந்து போயிடலாமே சாமி, பத்துப் பன்னெண்டு மைல் இருக்கும்போல." மகள் தலையைக்கூடத் திருப்பவில்லை. "அப்பா, சூடா இருக்கிற ஜாபை அளந்து பாஸ் பண்ணுவீங்களா?" என்றாள்.

பட்டறையில் வளர்ந்த பிள்ளை. வாசகர்களுக்காகச் சொல்கிறேன், லேத்தில் கடைந்து முடித்த உருப்படி கையை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது மைக்ரோமீட்டர் வைத்தால் அளவு சரியாக இருக்கும். ஆறியதும் பார்த்தால் சுருங்கியிருக்கும். அளந்ததில் தப்பில்லை. அது அளந்த நேரத்து அளவு. இரண்டு பேரிங் ஹவுசிங்கை இப்படிக் கெடுத்துக் காசைக் கட்டியிருக்கிறேன், அவளுக்குத் தெரியும்.

அந்த ராடார் படமும் அப்படித்தான். ஒரே ராடார் எடுத்த படமில்லை. பல ராடார்கள் ஆளுக்கொரு நேரத்தில் சுற்றிப் பார்த்ததை ஒட்டுப் போட்டுத் தைத்து, அப்புறம் அனுப்புகிறார்கள். ஓரத்தில் போட்டிருக்கும் ஆறு நிமிடம் என்பது அந்த ஒட்டுப்படம் தயாராகி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது. அதில் இருக்கும் மழையை ராடார் எப்போது பார்த்தது என்பதல்ல. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் இதற்காகவே ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. திரையில் போட்டிருக்கும் வயதைவிட உண்மையான வயது 15 முதல் 20 நிமிடம்வரை கூட இருக்கலாம் என்று அதில் இருக்கிறது. உயிர் போன விபத்துகளைப் பார்த்த பிறகுதான் அப்படிச் சொன்னார்கள். 30 நாட் வேகத்தில் நகரும் இடிமழை 20 நிமிடத்தில் 10 கடல் மைல் போய்விடும். நான் பார்த்த சந்தின் அகலம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடும் இடிமழைக்கு 20 மைலாவது தள்ளிப் போக வேண்டும் என்பது அங்கே விமானிகளுக்குச் சொல்லும் பாடம். இரண்டு பக்கமும் 20 மைல் என்றால் பன்னிரண்டு மைல் சந்து எதற்கு ஆகும்.

திரும்பி, கிழக்கே இருந்த ஒரு சின்ன விமான நிலையத்தில் இறங்கினோம். ஆள் இல்லை. ஒரு சோபா, ஒரு காபி மெஷின், சுவரில் பெரிய வரைபடம். கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டோம். அந்த அறையில் வைஃபை இருந்தது. டேப்பில் இணைய ராடாரைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். மேற்கே கறுத்தது, கொடிக்கம்பத்தில் கொடி திடீரென்று எதிர்ப்பக்கம் திரும்பியது, ஜில்லென்று காற்று, புழுதி, அப்புறம் சடசடவென்று சொட்டு. டேப்பைப் பார்க்கிறேன், மழையின் ஓரம் அதில் இன்னும் எங்களைத் தொடவில்லை. ஜன்னலில் தண்ணீர் வழிகிறது, திரையில் நாங்கள் நனையாமல் இருக்கிறோம். அந்தச் சந்து என்ன ஆனது என்று ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். சந்தே இல்லை, இரண்டு சிவப்பும் ஒன்றாகியிருந்தது.

மூன்றாம் தடவை போனது ஜூலையில், வெயிலில். கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஐபேட் சூடாகி, எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு அணைந்துவிட்டது. 35 டிகிரி வரைதான் அதை இயக்கலாம் என்று தயாரித்தவர்களே போட்டிருக்கிறார்கள். நம் கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயில் அதற்குத் தெரியாது. மகள் பதறவில்லை, தொடையில் கட்டியிருந்த அட்டையில் காகித வரைபடம் இருந்தது. என் டேப் மட்டும் காற்று வரும் ஓட்டைக்கு நேராக இருந்ததால் பிழைத்தது.

சரி, இதெல்லாம் அமெரிக்கக் கதை. நம்மூருக்கு என்ன?

பெட்டி இப்போது கணபதியில் என் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு குச்சியில் ஒன்று ஊமை. 978 மெகாஹெர்ட்ஸ் வானிலை ஒலிபரப்பு அமெரிக்காவோடு சரி, இந்தியாவில் கிடையாது. கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது இங்கே பெட்டி வாங்கினால் மழைப் படம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 1090 மட்டும் வேலை செய்கிறது. பீளமேட்டில், கோவை விமான நிலையத்தில், இறங்கும் மும்பை, டில்லி, சிங்கப்பூர், ஷார்ஜா விமானங்கள், தலைக்கு மேலே 35,000 அடியில் எங்கேயோ போகிறவை, எல்லாம் தெரிகின்றன. பட்டறைப் பையன்கள் டீ நேரத்தில் அடுத்து வருவது எந்த ஊர் விமானம் என்று பந்தயம் கட்டுகிறார்கள். தோற்றவன் வடை வாங்க வேண்டும்.

ஆனால் சூலூர் விமானப்படைத் தளத்தில் இருந்து போர் விமானம் கிளம்பினால் பாத்திரம் அதிர்கிறது, டேப்பில் ஒன்றும் அசைவதில்லை. அவர்கள் பேச வேண்டிய அவசியமில்லை, அது நியாயம்தான். பொங்கல் சமயத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சி பலூன் திருவிழாவுக்குப் போனேன். தென்னந்தோப்புக்கு மேலே கண் முன்னால் பலூன்கள். டேப்பில் ரொம்ப உயரத்தில் போகும் ஒரு பயணிகள் விமானம் மட்டும். 2025-இல் அங்கிருந்து கிளம்பிய ஒரு பலூன் காற்றோடு போய்ப் பாலக்காட்டுப் பக்கம் வயலில் இறங்கியதே, அந்த வழியில் ஒரு பயிற்சி விமானம் வந்திருந்தால் அதன் விமானிக்குக் கண்தான் துணை. கல்யாண மண்டபங்களில் ஏற்றிவிடும் டிரோன், தோட்டத்தில் மருந்து அடிக்கும் டிரோன், எதுவும் இதில் வராது. மயிலும் பருந்தும் வராது. கோவை விமான நிலையத்துக்கு மயில் எவ்வளவு பெரிய தலைவலி என்பது உங்கள் பேப்பரிலேயே வந்திருக்கிறது.

வானிலைக்கு இங்கே பறக்கும் முன் தரையில் பார்ப்பதுதான் வழி. விமான நிலைய வானிலை அறிக்கை வருகிறது. கோவை விமான நிலையத்தின் குறியீடான வி.ஓ.சி.பி. என்று போட்டால் விமான வானிலைச் செயலிகளில் கிடைக்கும். இந்திய வானிலைத் துறையின் ராடார் படங்களை இணையத்தில் பார்க்கலாம், நமக்குப் பக்கம் கொச்சி ராடார், ஆனால் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. மின்னலுக்கு தாமினி என்று ஒரு செயலி, புனேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது, 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுகிறதா என்று சொல்லும். எங்கள் அன்னூர் நண்பர் அதை ஆடு மேய்க்கப் போகும்போது பார்க்கிறார், நல்ல பழக்கம். விண்டி என்ற வானிலைச் செயலியில் கலர் கலராக ஓடும் காற்று கம்ப்யூட்டர் போட்ட கணிப்பு, யாரும் நின்று பார்த்துச் சொன்னதல்ல. மேலே போன பிறகு செல்போன் சிக்னலை நம்பி இவற்றைப் பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. டவர்கள் தரையில் இருப்பவர்களுக்காக வைத்தவை.

நம் நிலம் வேறு லேசுப்பட்டதில்லை. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்குத்தான் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலை வைத்திருக்கிறார்கள். மலைப்பக்கம் போனால் நிமிடத்தில் மேகம் இறங்கும். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரில் இருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் குன்னூர் பக்கம் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி மேகத்துக்குள் நுழைந்துவிட்டதை விசாரணைக் குழு குறிப்பிட்டது. அதை டேப்போடு முடிச்சுப் போடவில்லை, அது வேறு விஷயம். இருபது நிமிடப் பழைய படம் நீலகிரிப் பக்கம் எதற்கு ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறேன்.

அன்னூர்க்காரருக்கு நான் சொன்னது இதுதான். டேப் வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கினால் ஐபேடில் சிம் போடுகிற மாடலாகப் பாருங்கள், வைஃபை மட்டும் இருப்பதில் ஜி.பி.எஸ். கிடையாது. ஆண்ட்ராய்டு என்றாலும் ஜி.பி.எஸ். இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டால் சில கோணத்தில் திரை கறுப்பாகத் தெரியும், சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போதும். பையன் படிக்கிற இடத்தில் பயிற்சி விமானம் ஏ.டி.எஸ்.-பி. அனுப்புகிறதா, சொந்த டேப்பை உள்ளே கொண்டுபோகச் சொல்லிக்கொடுப்பவர் விடுவாரா என்று முதலில் கேளுங்கள். விடமாட்டேன் என்று சொன்னால் அவர் நல்ல வாத்தியார். முதல் ஐம்பது மணி நேரம் பையன் வெளியே பார்க்கப் பழகட்டும். எல்லாவற்றையும் அவர் உங்கள் பேப்பரின் ஓரத்திலேயே பென்சிலில் குறித்துக்கொண்டார்.

போகும்போது வாசலில் நின்று, "அப்ப மழை எங்கீங்க தெரியும்?" என்று மறுபடியும் கேட்டார். அவ்வளவு நேரம் பேசியும் கட்டுரையில் இருந்த அந்தக் கலர்ப் படம் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இலவச ராடார் படம் விமானத்துக்குள் வரும் வசதி அமெரிக்காவுக்கு மட்டும் உரியது, இங்கே இல்லை என்று அடுத்த ஞாயிறு இணைப்பில் இரண்டு வரி போடுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய பேர் இப்போது விமானி பயிற்சிக்குப் போகிறார்கள், அவர்கள் வீட்டில் எல்லோரும் உங்கள் பேப்பர்தான் படிக்கிறார்கள்.

பெட்டியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம். மற்ற நாட்களில் லேத் ஓடிக்கொண்டிருக்கும், பேசினால் காதில் விழாது.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர் - 6.